ஒட்டும் ஒட்டமும்

ஒட்டு என்னும் சொல்லை இன்று நாம் பசை, கோந்து, சுவரொட்டி, ஒட்டுமாங்கன்று ஆகியவற்றோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். பழைய தமிழில் இச்சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. ஒட்டம் என்றால் பந்தயம். சூதாடுகளத்தில் வைக்கும் பணையம். ஒட்டுதல் என்னும் வினைக்கே பற்றிக்கொள்ளுதல் என்பதோடு பந்தயம் கட்டுதல், வஞ்சினம் கூறுதல் என்னும் பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. பற்றுவதற்கும் பந்தயத்திற்கும் என்ன உறவு? ஒரு பொருளைப் பணையமாக வைத்த கணத்தில் வைத்தவன் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறான், எழுந்து போக இயலாது என்பதாக இருக்கலாம். இது நம் ஊகமே. சொற்பிறப்பியலார் மறுத்தால் வாதிடப் போவதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கித் திருப்பெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை நீளும் ஆலை நிலத்தின் வரலாற்றை எழுத முற்பட்டால் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விடாமல் வந்து நிற்கின்றன. இராமானுசர் பிறந்த ஊர் என்றும், 1991க்குப் பின் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் அறியப்பட்டிருந்த திருப்பெரும்புதூர், 1998இல் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்ததிலிருந்து வேறொரு பெயரைப் பெறத் தொடங்கியது. 2005இல் ஏசியன் பெயிண்ட்ஸ், 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் அப்போலோ டயர்ஸும், 2012இல் ஜே.கே. டயர், 2013இல் ராயல் என்ஃபீல்டு, 2020இல் சியட். இப்பட்டியலில் சரிபாதிக்கு மேல், நுண்ணிய பலபடித் துகள்களை ஏதோவொன்றின்மீது ஒட்டவைப்பதையே தம் தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டவை. ஒட்டுவதற்கு முன் அத்துகள்கள் தம்முள் ஒட்டாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இத்தொழிலின் விந்தை.

அந்த விந்தையை முதலில் கையால் அறிந்த தமிழர்கள் வேதியியலார் அல்லர். மலேயாவின் தோட்டத் தொழிலாளர்கள்.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். மிகச் சிலவே முளைத்தன. அவ்வாண்டே அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறி ஹெனரத்கொடையில் நடப்பட்டது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டறிந்தபின், அதுவரை தாவரவியல் பூங்காவின் அணிகலனாக நின்ற மரம் பணமரமாயிற்று. மலேயாவின் காடு அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. நட்டவரும் சீவியவரும் பெரும்பாலும் தமிழர். மலாய் மொழியின் 'கெத்தா' அவர்கள் வாயில் 'கித்தா' ஆயிற்று. விடியுமுன் 'பெரட்டு'க் களத்தில் பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் மரப்பட்டையைச் சாய்வாகச் சீவி, 'மங்கு' என்னும் கிண்ணத்தில் வடிவதை வாளியில் சேர்த்தார்கள். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறையும், வடிவதும் குறையும். விடியற்காலை வேலைக்கு அதுவே காரணம். வடிந்ததை அவர்கள் 'பால்' என்றார்கள். குமரி மாவட்டத்தில் இன்றும் 'பால்வெட்டு' என்றே வழங்குகிறது. பட்டையில் தானே உறைந்து கிடப்பது 'ஒட்டுபால்'.

பால் என்பது உவமையன்று, ஏறத்தாழ அறிவியல் உண்மை. ஆவின் பாலில் கொழுப்பு உருண்டைகள் நீரில் மிதப்பதுபோலவே ரப்பர் பாலிலும் நுண்ணிய ரப்பர் உருண்டைகள் நீரில் மிதக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு ரப்பர், எஞ்சியதில் மிகப்பெரும்பகுதி நீர். உருண்டைகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. 1908இல் பாரிசில் விக்தோர் ஆன்றி இந்த உருண்டைகளின் ஓயாத நடுக்கத்தைச் சலனப்படக் கருவியில் பதிவு செய்தார். நீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து நுண்துகளை அலைக்கழிக்கின்றன என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணித்ததைச் சோதிக்க அறிவியலார் முயன்ற காலம் அது. மலேயாவில் மங்கு மங்காக வடிந்துகொண்டிருந்த அதே பொருள் அங்கே மூலக்கூறுக் கொள்கையின் சோதனைக்கு உதவியது.

இத்தனை நடுக்கத்தில் மோதிக்கொள்ளும் உருண்டைகள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை? ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்புப்பொருளும் ஒரு மேலாடையாகப் போர்த்தியுள்ளன. அந்த ஆடை எதிர்மின்னூட்டம் உடையது. அருகருகே வந்த இரு உருண்டைகளும் ஒரே மின்னூட்டம் கொண்டவை ஆதலால் விலகுகின்றன. ஆனால் எந்த இரு பொருளுக்கும் இடையே, மிக அருகில் வந்தால், ஓர் ஈர்ப்பும் உண்டு. விலக்கு தொலைவிலேயே தொடங்குவது. ஈர்ப்பு நெருக்கத்தில் மேலோங்குவது. இவ்விரண்டின் கூட்டுத்தொகையாக நடுவில் ஒரு மேடு உருவாகிறது. மேட்டைக் கடக்கும் ஆற்றல் துகளுக்கு இல்லாதவரை பால் பாலாகவே இருக்கும். சோவியத் ஒன்றியத்தில் 1941இல் தெர்யாகினும் லாந்தாவும், நெதர்லாந்தில் 1948இல் வெர்வேயும் ஓவர்பேக்கும் இக்கணக்கைத் தனித்தனியே வகுத்தனர். இடையில் ஓர் உலகப்போர் நிகழ்ந்ததால் ஒருவர் எழுதியது மற்றவர்க்கு எட்டவில்லை என்பர்.

தோட்டத்தில் இக்கணக்கு வேறு விதமாகத் தெரிந்திருந்தது. பால் கெடாமல் இருக்க அம்மோனியா ஊற்றினார்கள். அது கிருமிகளைத் தடுத்து, மின்னூட்ட ஆடையையும் காத்தது. கட்டியாக்க வேண்டும்போது ஃபார்மிக் அமிலம் ஊற்றினார்கள். அமிலம் மின்னூட்டத்தை அழிக்க, மேடு சரிய, உருண்டைகள் ஒன்றாயின. தயிர் உறைகிற அதே முறை. எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு நேரத்தில் உறையும் என்பதைத் தோட்டத்து ஆலையில் நின்ற தமிழன் சமன்பாடில்லாமல் அறிந்திருந்தான். மலேயத் தமிழிலக்கியமும் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' போன்ற நாவலும் அவன் துயரைச் சொல்லியுள்ளன. அவன் கைத்திறனைப் பற்றி நம் இலக்கியம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது நம் குறை.

அவன் அங்கே போனது ஓர் ஒட்டம். கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் தருவான், மரத்தடியில் தேங்காயும் கருவாடும் என்பான். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடிபெயர்வு முகாம்களில் தங்கவைத்துக் கப்பலேற்றினார்கள். ஆவடி இன்றைய ஒரகடத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். முன்பணம் வாங்கிய கை ஒட்டிக்கொண்டது. கடன் தீரும்வரை திரும்ப வழியில்லை. ஊரில் பஞ்சமும் சாதியும் தந்த உறுதியான இழப்புக்கும், கடலுக்கப்பால் தெரியாத ஒன்றுக்கும் இடையே அவன் தெரிந்தெடுத்தான். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இவ்வாறு உதவி கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்தது.

அதே 1938இல் திருவிதாங்கூரில் வேறோர் ஒட்டம் தோற்றது. திவான் சி.பி. இராமசாமி ஐயர் ஆட்சிக்காலத்தில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டது. அதனை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளை பின்னர்ச் சிறை சென்றார். அவருடைய மகன்களுள் ஒருவரான கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். பலூன் என்பது ரப்பர் பாலின் மிக எளிய வடிவம்: அச்சை உறைபொருளில் நனைத்துப் பின் பாலில் முக்கினால் மேற்பரப்பில் துகள்கள் மேடு கடந்து ஒட்டிப் படலமாகும், உலர்த்தி உரித்தால் பலூன். விற்பனைக்கும் அவரே பையுடன் தெருவில் அலைந்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லும் செய்தி. 1952இல் டயர் மறுபூச்சு ரப்பர், 1961இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் சேர்ந்து டயர். எம்.ஆர்.எஃப். என்று இன்று மட்டையில் ஒட்டி உலகெங்கும் தெரியும் எழுத்துகள் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவை.

டயர் என்பது ரப்பர் மட்டுமன்று. ரப்பருக்குள் நூலும் எஃகுக் கம்பியும் உண்டு. ரப்பர் நூலோடு ஒட்டவில்லையெனில் டயர் ஓடும்போதே பிரியும். பருத்தி நூலுக்குப் பிசிர் இருந்ததால் ரப்பர் அதைப் பற்றிக்கொண்டது. வழுவழுப்பான ரேயான் வந்ததும் பற்று விட்டது. 1930களில் அமெரிக்க டூபாண்ட் நிறுவனத்தில் டபிள்யூ.ஹெச். சார்ச் தலைமையில் ஒரு தீர்வு பிறந்தது: ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றின் பிசினையும் ரப்பர் பாலையும் நீரில் கலந்து அதில் நூலை முக்கி உலர்த்துவது. பிசின் நூலைப் பிடிக்கும். பாலின் நுண்துகள் ரப்பரோடு கந்தகத்தால் பிணையும். நடுவில் இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக இக்கரைசலே பெரிதும் கோலோச்சுகிறது. சென்னையை அடுத்த மணலியில் ஸ்ரீராம் ஃபைபர்ஸ் 1970களிலேயே நைலான் டயர் நூல் செய்யத் தொடங்கிவிட்டது; ஒரகடத்தில் டயர் ஆலை எழுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்.

எஃகுக் கம்பிக்குப் பித்தளை முலாம். ரப்பரை வேகவைக்கும்போது பித்தளையின் செம்பு ரப்பரின் கந்தகத்தோடு வினைபுரிந்து, நானோமீட்டர்களில் அளக்கத்தக்க ஒரு செம்புச் சல்ஃபைடு அடுக்கை உண்டாக்குகிறது. ரப்பர் அதில் வேர்விட்டதுபோல் கோத்துக்கொள்கிறது. அடுக்கு மெலிதானாலும் பிடிக்காது, தடித்தாலும் நொறுங்கும். ஈரம் புகுந்தால் நாளடைவில் அழியும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குடும்பம் ஒன்றின் உயிர் அவ்வடுக்கின்மீது இருக்கிறது.

அது பிடி விட்டால் என்னவாகும் என்பதை 2000ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஆகஸ்டு மாதத்தில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மேற்பட்டை பிரிந்த விபத்துகளோடு அமெரிக்காவில் 270க்கும் மேற்பட்ட சாவுகள் தொடர்புபடுத்தப்பட்டன. வெப்பம், காற்றழுத்தம், வடிவமைப்பு என்று பொறியியலார் பலவற்றைச் சுட்டினர். 2004இல் ஆலன் குரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்னும் இரு பொருளியலார் வேறொன்றைக் காட்டினர். இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் ஆலையில் 1990களின் நடுவில் நீண்ட தொழிற்பூசல் நிகழ்ந்தது. புதியவர்க்கு ஊதியக் குறைப்பு, 12 மணி நேர முறைமாற்றம் ஆகியவற்றை நிர்வாகம் கேட்டது; வேலைநிறுத்தம்; மாற்றாட்கள். அப்பூசல் காலத்தில் அவ்வாலையில் செய்யப்பட்ட டயர்கள், மற்ற ஆலைகளில் செய்தவற்றைவிடவும், அதே ஆலை அமைதியாக இருந்தபோது செய்தவற்றைவிடவும் மிகுதியாகப் பழுதுபட்டன. நலிவு உச்சத்தில் இருந்தது, நிர்வாகம் சலுகைப் பறிப்பை முன்வைத்த காலத்திலும், வேலைநிறுத்தம் செய்து திரும்பியவரும் மாற்றாட்களும் அருகருகே நின்ற காலத்திலும். பித்தளையும் கந்தகமும் ஒட்டுவதற்கு ஆட்கள் தம் வேலையோடு ஒட்டியிருக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்த ஆள், பயிற்சி ஆள், நிரந்தர ஆள் என்று ஒரே வரிசையில் மூன்று கூலியோடு ஆலைகள் இயங்கும் நம் ஒரகடத்துக்கு இக்கட்டுரை தமிழில் வரவேண்டும் என்பது நம் விருப்பம்.

வண்ணப்பூச்சைப் பற்றி ஒருவரி. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்பதும் செயற்கைப் பாலே. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, நெளிந்து, ஒன்றாகிப் படலமாகின்றன. கார்க்கூட்டை மின்னூட்டிய பிசின் துகள் மிதக்கும் தொட்டியில் அமிழ்த்தி முதற்பூச்சு இடுவதும் இதன் உறவே.

இனி ஒட்டம்.

மனிதன் எவ்வாறு பந்தயத்தில் இறங்குகிறான் என்பதை மூளைக்குள் பார்க்கும் முயற்சிகளுக்கு முப்பதாண்டு வரலாறு உண்டு. 1979இல் கானமனும் ட்வெர்ஸ்கியும், மனிதர்க்கு நூறு ரூபாய் இழப்பின் வலி நூறு ரூபாய்ப் பேற்றின் இன்பத்தைவிடப் பெரிது என்று சோதனைகளால் காட்டினர். 1994இல் அயோவாவில் பெஷாராவும் தமாசியோ இணையரும் அவர்தம் கூட்டாளியும் சீட்டாட்டச் சோதனை ஒன்றை வகுத்தனர். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி சிதைந்தவர்கள், அறிவு குன்றாதிருந்தும், பெரும்பேறும் அதைவிடப் பேரிழப்பும் தரும் கட்டிலிருந்தே தொடர்ந்து சீட்டெடுத்தனர். 2007இல் டாம், ஃபாக்ஸ், ட்ரெபெல், போல்ட்ராக் ஆகியோர் 16 பேரைக் காந்த அலைவரைவுக் கருவிக்குள் படுக்கவைத்து, வெல்லவும் தோற்கவும் சமவாய்ப்புள்ள பந்தயங்களைக் காட்டினர். பேறு பெரிதாகப் பெரிதாக மூளையின் சில பகுதிகளில் வினை மிகுந்தது. இழப்பு பெரிதாகப் பெரிதாக அதே பகுதிகளில் குறைந்தது, அதுவும் கூடுதல் வேகத்தில். பேறு ஏறத்தாழ இருமடங்காக இருந்தால்தான் அவர்கள் பந்தயத்துக்கு இசைந்தனர். 2010இல், அமிக்டலா என்னும் பகுதி சிதைந்த இரு பெண்மணிகளுக்கு இந்த இழப்பச்சம் காணப்படவில்லை என்று வேறொரு குழு எழுதியது.

நமக்கு இவற்றினும் முதன்மையாகத் தோன்றுவது குடச் சோதனை. 1961இல் டேனியல் எல்ஸ்பெர்க் சொன்னது: ஒரு குடத்தில் 50 சிவப்பு, 50 கருப்புப் பந்துகள், இன்னொன்றில் நூறு பந்துகள், ஆனால் எத்தனை சிவப்பு என்று தெரியாது. சிவப்பு எடுத்தால் பரிசு என்றால் பெரும்பாலோர் முதற்குடத்தை நாடுகின்றனர். கருப்பு எடுத்தால் பரிசு என்று மாற்றினாலும் அதே முதற்குடத்தைத்தான். கணக்கில் இது பொருந்தாது, மனத்தில் பொருந்துகிறது. தீங்கின் அளவு தெரிந்த இடர் வேறு, அளவே தெரியாத இடர் வேறு. 2005இல் ஷூவும் கூட்டாளிகளும், அளவு தெரியாதபோது அமிக்டலாவும் முன்மூளையின் கீழ்ப்புறமும் மிகுதியாக எழுவதைக் கண்டனர். (ஒரகடத்திலிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அங்கே குடத்துள் போகும் பெயர்கள் முன்கூட்டியே சலிக்கப்பட்டவை. குடத்தில் இருப்பது என்ன என்று ஊருக்குத் தெரியும். எல்ஸ்பெர்க்கின் முதற்குடம் அது.)

2014 ஏப்ரலில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையின் ஏறத்தாழ 6,600 தொழிலாளர்முன் இரு குடங்கள் வைக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவித்திருந்தது. ஆனால் 2013 தொடக்கத்தில் எழுந்த, 2,000 கோடி ரூபாயைத் தாண்டிய வருமானவரி வழக்கால் இவ்வாலை முடக்கப்பட்டிருந்தது. உச்சநீதிமன்றம் 3,500 கோடிக்கு உறுதிப்பத்திரம் கேட்டது. 2014 ஏப்ரல் 25இல் விற்பனை முடிந்தபோது உலகின் பிற ஆலைகளில் பெரும்பாலானவை போயின, இது நின்றது. தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத்திட்டம் வந்தது. ஒரு குடத்தில் எண்ணித் தெரிந்த தொகை. இன்னொரு குடத்தில் நீதிமன்றம், வரித்துறை, மைக்ரோசாஃப்ட், யாரும் வாங்காது போய்க்கொண்டிருந்த பழைய கைபேசிகள், வரலாம் என்ற புதிய முதலாளி. எத்தனை சிவப்பு என்று எவர்க்கும் தெரியாது. ஏறத்தாழ 5,000 பேர் முதற்குடத்தை எடுத்தனர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், அவர்களுள் பெண்கள் மிகுதி. நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. டிசம்பர் 24இல் அதே வளாகத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. ஒப்பந்த ஆட்களின் முன்னே எந்தக் குடமும் வைக்கப்படவில்லை.

இதனை மூளைப்படத்தைக் கொண்டு விளக்கலாமா? அமிக்டலா அஞ்சியது, ஆதலால் கையொப்பமிட்டாள் என்று எழுதுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. 2007ஆம் ஆண்டுச் சோதனையில் படுத்தவர்கள் முன்கூட்டியே 30 டாலர் பெற்றுக்கொண்டவர்கள். அவர்கள் தோற்கக்கூடியது பெரும்பாலும் அத்தொகைக்குள். நகைக்கடனும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் சுமந்தவள் வைப்பது அப்படிப்பட்ட பணையமன்று. தெரியாத குடத்தை மறுத்தது அவள் மூளையின் கோளாறு என்றால், ஆறு மாதத்தில் அக்குடம் வெறுங்குடம் என்று தெரிந்ததை என்னென்பது?

நம் வட்டாரத்துக்கு நெருங்கி வருவது வேறோர் ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் 2013இல் வெளியிட்டது. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு உழவர் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைப் புதிர்களால் சோதித்தார்கள். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாளில் அதே மனிதர் அதே புதிரில் தடுமாறினார். பணம் வந்தபின் தேறினார். மூளை மாறவில்லை, அதன்மேல் இருந்த சுமை மாறியது என்பது அவர்கள் வாதம். கணக்கிட்ட முறைபற்றி மறுப்புகளும் எழுந்தன. ஆயினும் ஒரகடம், திருப்பெரும்புதூர் விடுதிகளுக்கு ஆண்டுதோறும் வரும் பிள்ளைகளில் பலர் இந்த இரு மாவட்டங்களின் கரும்புக்காட்டு வீடுகளிலிருந்தே வருகிறார்கள் என்பதை எம்போன்ற ஆசிரியர்கள் வருகைப்பதிவேட்டிலிருந்தே சொல்லிவிட முடியும்: மூன்றாம் ஆண்டில் சில பெயர்களுக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கும், கேட்டால் 'கம்பெனிக்குப் போயிட்டான் ஐயா' என்பார்கள். இளங்கலைப் பட்டம் ஒரு குடம். மாதச் சம்பளம் ஒரு குடம். எதில் என்ன இருக்கிறதென்று நாமும் அவர்களிடம் சொன்னதில்லை.

நோக்கியா நின்ற வளாகம் ஐந்தாண்டுகள் கிடந்தது. ஃபின்லாந்தில் தோன்றிப் பின் சீன உரிமைக்குச் சென்ற சால்காம்ப் அதனை வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கைபேசி மின்னேற்றிகள் அங்கே செய்யப்படலாயின.